யாழ்ப்பாணக் கோட்டையைப் படம் எடுத்தால் கோட்டை தெரியவில்லை, என்ன செய்யலாம்?

கொக்குவில்மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எனக்கே ஒரு உதவி தேவைப்படுகிறது.

ரொறன்ரோவில் இருக்கிற என் பெரியப்பா 1984இல் இங்கிருந்து வெளிக்கிட்டவர். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது முழங்காலும் ஏலாது, இனி வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போன மாதம் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது, வீட்டு ஹோலில் மாட்டுவதற்குக் கோட்டைப் படம் ஒன்று பெரிதாக அடித்து வேண்டும் என்றார். நெட்டில் எவ்வளவோ படம் கிடக்கிறதே பெரியப்பா என்றேன். அது ஆரோ எடுத்தது, எனக்கு எங்கட வீட்டுப் பிள்ளை எடுத்த படம்தான் வேணும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் போன சனிக்கிழமை, அண்ணா விட்டுப்போன பழைய கெனன் கமராவையும் அதோடு வந்த 18-55 லென்ஸையும் தூக்கிக்கொண்டு போனேன். காலை 11 மணிக்கு உள்ளே போனவள் மத்தியானம் 2 மணி வரை மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், தலை வெடிக்கிற வெயில், 300 படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். அதில் நல்லது என்று 12 படத்தைத் தெரிந்து அனுப்பினேன். பெரியப்பா எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "பிள்ளை, வானம் வடிவாய் இருக்கு, புல்லும் வடிவாய் இருக்கு. கோட்டை எங்க?"

மனம் நோகச் சொல்லவில்லை, மனிதர் உண்மையாகவே தேடியிருக்கிறார். நானும் ஒவ்வொரு படமாகத் திரும்பத் திறந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி. கோட்டைக்கு வெளியே முற்றவெளி மைதானப் பக்கம் நின்று எடுத்ததில் ஒரு புல் மேடும் வானமும்தான். மதிலுக்கு மேலே நின்று எடுத்ததில் அடியில் ஒரு சாம்பல் கோடு, மிச்சம் எல்லாம் வானம். வாசல் படத்தில் வாசலைவிட ஆக்கள் கூட. கிட்டப் போய் எடுத்த சுவர் எல்லாம் வெள்ளை மட்டைபோலத் தட்டையாகக் கிடக்கிறது. ஆனால் அங்கே நிற்கும்போது அப்படி இல்லையே. அகழி ஓரம் நின்று எட்டிப் பார்த்தால் வயிற்றை ஒருமாதிரிப் பண்ணுகிற உயரம், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதம். அது படத்துக்குள் வராமல் எங்கே போகிறது என்றுதான் விளங்கவில்லை.

இன்னும் அகலமாக எடுக்கிற வைட் லென்ஸ் வாங்கவேண்டுமா? சிநேகிதி ஒருத்தி, ட்ரோன் இல்லாமல் அந்தக் கோட்டையை எடுக்கவே ஏலாது, ஐந்து மூலையும் மேலே இருந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறாள். அதற்குக் காசும் இல்லை, பறக்கவிடவும் தெரியாது. இருக்கிற கமராவோடும் போனோடும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். நேரம், இடம், செட்டிங், எதுவானாலும் சரி.

பண்ணைக்காற்று எழுதியது:

தங்கச்சி, லென்ஸ் வாங்கவேண்டாம், அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள். நான் பத்து வருடமாகப் பின்னேரங்களில் அந்த மதிலில் நடக்கிறவன். முதல் இரண்டு மூன்று வருடம் எனக்கும் இதே புல்லும் இதே வானமும்தான் கிடைத்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்றே கட்டிய கோட்டை அது.

கோட்டை என்றால் எங்கள் மனதில் இருப்பது நிமிர்ந்த கோபுரமும் குத்தான உயரச் சுவரும். பீரங்கி வந்த பிறகு அந்த உயரச் சுவர்தான் முதலில் இடிந்தது, எட்ட நின்று குறிபார்க்க அதைவிட வசதியான பொருள் இல்லை. அதனால் சுவரைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, உள்ளே மண்ணை நிரப்பி, முன்னால் அகழி வெட்டி, அகழிக்கும் வெளியே மண்ணைச் சரிவாக அணைத்து விட்டார்கள். வெளியே நிற்கிறவன் கண்ணுக்கு அந்தச் சரிவு மட்டும்தான் படும், சுவர் அதற்குப் பின்னால் பதுங்கி இருக்கும். போர்த்துக்கேயர் கட்டி வைத்திருந்ததை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். உட்பகுதி வேலை 1680இல் முடிந்தது, வெளிப்பகுதி வேலை 1792 வரை இழுத்தது. மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்து எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. எதிரியின் கண்ணை மறைக்கப் போட்ட பக்கத்தில் நின்றுகொண்டுதான் நீங்கள் கோட்டையைத் தேடியிருக்கிறீர்கள். படத்தில் புல்தான் விழும்.

சரி, அப்போ எங்கே நிற்பது? காவல்காரன் நின்ற இடத்தில். ஐந்து மூலையிலும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதே கொத்தளம், அதற்கெல்லாம் ஒல்லாந்தர் சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயரை வைத்திருந்தார்கள். அதை அப்படித் துருத்திக் கட்டியதே பக்கத்துச் சுவரின் அடிவரை ஒரு மறைவும் இல்லாமல் பார்க்கத்தான். கொத்தளம் மதிலோடு சேருகிற கழுத்துப் பக்கம் போய் நின்று சுவரின் நீளத்துக்குப் பாருங்கள். முழுச் சுவரும், கீழே அகழியும், அங்காலே அடுத்த கொத்தளத்தின் மூக்கும் ஒரே ஓட்டத்தில் கண்ணுக்கு வரும். முந்நூறு வருடத்துக்கு முதல் வேறொரு தேவைக்காகத் தெரிந்தெடுத்த இடம், எங்களுக்கு அப்படியே உதவுகிறது. அங்கே நின்று லென்ஸை அகலமாக எடுக்கிற 18இல் வைக்காதீர்கள், தூரத்தைக் கிட்டக் கொண்டுவருகிற 55க்குத் தள்ளுங்கள். 18இல் காலடிப் புல் பெரிதாகும், தூரத்துச் சுவர் நூலாகிப் போகும். 55இல் அடுத்த கொத்தளம் கிட்ட வந்து சுவரின் முனையில் பாரமாகக் குந்தும். வைட் லென்ஸ் வாங்கினால் இந்தக் கோட்டை இன்னும் சின்னதாகத்தான் போகும்.

அடுத்தது நேரம், இதில்தான் உங்களுக்கு மோசம் போயிருக்கிறது. யாழ்ப்பாணம் இருக்கிற அகலக்கோட்டுக்கு, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் திரும்ப ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானம் 12.10 அளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட தடிக்கு நிழல் இருக்காது. மற்ற மாதங்களிலும் 11க்கும் 2க்கும் இடையில் வெயில் மேலே இருந்துதான் கொட்டும். புல்லும் நடைபாதையும் பளீரென்று எரியும், சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளுறிப்போகும். அந்தச் சுவர் முருகைக்கல், கடலுக்குள் பவளமாக வளர்ந்த கல். கிட்டப் பார்த்தால் சின்னச் சின்ன நட்சத்திர ஓட்டைகள், மூளை மடிப்புப்போல வரிகள் எல்லாம் இருக்கும். அந்த ஓட்டைக்குள் நிழல் விழுந்தால்தான் கல் கல்லாகத் தெரியும், நிழல் விழ வெயில் பக்கவாட்டிலிருந்து சுவரை உரசிக்கொண்டு போகவேண்டும்.

ஐங்கோணம் என்பதால் இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஒவ்வொரு சுவரும் பக்கத்துச் சுவரிலிருந்து 72 பாகை திரும்பி நிற்கிறது. வெயில் தாழ இருக்கிற நேரம் ஒரு சுவர் முழு வெளிச்சத்தில் நிற்கும், இன்னொன்று நிழலில் கிடக்கும், ஏதோ ஒன்றில் வெயில் உரசிக்கொண்டு ஓடும். படம் எடுக்கிறதுக்கு முதல் ஒரு சுற்று நடந்து அந்த உரசுகிற சுவர் எது என்று பார்த்து வையுங்கள். மாதத்துக்கு மாதம் அது மாறும். மார்கழியில் சூரியன் தென்மேற்கே கடல்நீரேரிப் பக்கமாக விழும், ஆனியில் வடமேற்கே நாவாந்துறைப் பக்கம் நகர்ந்துவிடும். எங்கள் ஊரில் சூரியன் சரிந்து சரிந்து போகாது, கிட்டத்தட்ட நேராக இறங்கும். கடைசி 10 பாகையை 40 நிமிடத்தில் முடித்துவிடும். அதனால் நின்று யோசிக்க நேரமில்லை, இடத்தை முன்கூட்டியே பிடித்து வைக்கவேண்டும்.

இருட்டறை எழுதியது:

பண்ணைக்காற்று அண்ணா சொன்னதற்கு மேல் இடத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, கமராப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை மட்டைபோல வந்ததற்கு வெயில் பாதிக் காரணம், மற்றப் பாதி கமராவின் கணக்கு. படச் சட்டத்துக்குள் நிழலும் மரமும் கூட இருந்தால் கமரா அதைப் பார்த்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும், சுவர் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கிற வெளிச்சத்தை, அரை அல்லது ஒரு ஸ்டொப் கீழே இறக்கி எடுங்கள், ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும். கமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கிற ரோ பைலாக எடுத்தால் பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்கலாம். வெளுத்துப்போன கல்லை மட்டும் எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர ஏலாது, அந்த இடத்தில் தகவலே இருக்காது. கமராவோடு வந்த அந்தக் கிட் லென்ஸ் அதன் துவார அளவை எஃப் 8இல் வைத்தால் நல்ல கூராக இருக்கும், வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, வெயில் இறங்க இறங்க ஷட்டரைப் பாருங்கள், 55இல் கையில் பிடித்து எடுக்கும்போது நூறில் ஒரு செக்கனைவிட மெதுவாக விடாதீர்கள், படம் ஆடிப்போகும்.

போனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் கனபேர் இதைக் கவனிப்பதில்லை. இப்போதைய போன்கள் நாலைந்து படத்தை ஒன்றாகச் சேர்த்து நிழலையெல்லாம் தானாகவே தூக்கிவிடும். முகத்துக்கு அது நல்லது. முருகைக்கல்லுக்கு அதுதான் கேடு, ஓட்டைக்குள் இருந்த நிழல் போனால் கல் திரும்ப மட்டையாகிவிடும். திரையில் சுவரின் வெளிச்சமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

நிறத்திலும் கவனம். இன்ஸ்டகிராமில் போடுகிற செம்மஞ்சள் பில்டர் எல்லாம் எங்கேயோ பாலைவனத்து ஊருக்குச் செய்தது. எங்கள் கல் சாம்பல் கலந்த வெள்ளை, மழை வடிந்த இடத்தில் கறுப்புப் பூத்திருக்கும், திருத்தி வைத்த புதுக்கல் வேறாகத் தெரியும். பழையதும் புதியதும் சேருகிற இடத்தைத் தேடி எடுத்தால் அதுவே ஒரு நல்ல படம். நிறத்தைச் சமன்படுத்துகிற வைட் பலன்ஸை வெயிலுக்கு என்று நிறுத்திவிட்டு எடுங்கள், பின்னேரத்து மஞ்சள் இயற்கையாகவே வரும். அப்புறம், தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் லென்ஸில் உப்பும் தூசியும் படியும், சட்டை நுனியால் துடைக்காதீர்கள், முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்கிவிட்டுப் பிறகு மெல்லிய துணி. நான் அவசரத்தில் சட்டையால் துடைத்து ஒரு லென்ஸைக் கீறினவன், அந்தக் கீறல் இப்போதும் வெயிலுக்கு எதிரே எடுத்தால் தெரிகிறது.

பழைய ரீச்சர் எழுதியது:

பிள்ளை, படம் எடுக்கிற விஷயம் எனக்குத் தெரியாது, நான் சரித்திரம் படிப்பித்தவள். உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியை வாசித்தவுடன் ஒன்று தோன்றியது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1984இல் போனவர் என்றால் அவர் மனதில் இருக்கிற கோட்டையும் இப்போது நீங்கள் நடக்கிற கோட்டையும் ஒன்றில்லை. அவர் பார்த்ததற்கு நடுவில் ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. 1706இல் கட்டியது, நான்கு கையும் ஒரே நீளமான சிலுவை வடிவம், அவ்வளவு தடித்த சுவர். ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது வெளியே கொளுத்துகிற வெயிலில் இருந்து உள்ளே கால் வைத்தவுடன் உடம்பு குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதித்திருந்தன, பிள்ளைகள் அதன்மேல் மிதிக்கப் பயந்து ஓரமாக ஓரமாக நடந்தார்கள். அந்தத் தேவாலயம் சண்டையில் போய்விட்டது. 1990இல் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகைக்குள் இருந்தது, உள்ளே இருந்த பழைய கட்டடங்களில் மிஞ்சியது கொஞ்சம். இப்போது அந்த இடத்தில் கற்குவியலும் புல்லும்தான்.

அதனால் "கோட்டை எங்க?" என்று அவர் கேட்டது மதிலைத்தானா அல்லது உள்ளே இருந்த அதையா என்று ஒருதரம் அவரிடமே கேளுங்கள். நாங்கள் பாவம் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுகிறோம், வயது போனவர்களுக்குக் கேட்டால்தான் சந்தோஷம். எப்போது போனீர்கள், ஆரோடு போனீர்கள், எங்கே இருந்து கடலை சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பழைய அல்பத்தில் படம் ஏதும் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று நீங்கள் ஒன்று எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாமே.

இன்னொன்று, கோபிக்கவேண்டாம். அந்தக் கற்குவியலுக்கு மேல் ஏறி நின்று படம் எடுக்கிற பிள்ளைகளைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. விழுந்து கால் முறியும் என்பது ஒன்று. மற்றது, அந்தக் கல் ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் இருந்து விழுந்தது என்று ஆராய்கிறவர்களுக்கு அது கிடக்கிற இடமே ஒரு சாட்சி. ஒரு கல்லை உருட்டினால் அந்தச் சாட்சி போய்விடும். குண்டு பட்ட சுவர்களையும் எடுங்கள், எடுக்கவேண்டும், ஆனால் அதன்முன் நின்று துப்பாக்கிபோல விரலை நீட்டிச் சிரிக்கிற படங்கள் வேண்டாம். அந்த மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் செத்தது ஆரோ பெற்ற பிள்ளைகள்.

வேலணைத்தீவான் எழுதியது:

பண்ணைக்காற்று, நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் தூரத்திலிருந்து தெரியவே தெரியாது என்பதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் ஒவ்வொரு நாளும் வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வந்து போகிறவன். பின்னேரம் பண்ணை வீதியில் இறங்கி, வெயில் முதுகில் பட நின்று கிழக்கே பாருங்கள். தண்ணீருக்கு அங்காலே மதில் ஒரு நீளக் கோடாகக் கிடக்கும், அந்த வெளிச்சத்தில் அது வேறு நிறம். முன்னால் களங்கண்ணி வலைத் தடிகள் நிரையாக நிற்கும், காற்று விழுந்த நாளென்றால் தடியின் நிழலும் தண்ணீரில் விழும். கோட்டை சின்னதாகத்தான் இருக்கும், அதில் பிழையில்லை, எங்கள் ஊர் அந்தத் தண்ணீரோடு இருக்கிற ஊர் என்பது அதில்தான் தெரியும். காலையில் போகாதீர்கள், சூரியன் கோட்டைக்குப் பின்னால் நிற்கும், கறுப்பு நிழல் மட்டும்தான் கிடைக்கும்.

ஆக்கள் கூட என்று தங்கச்சி சொன்னதற்கு: ஆக்களை முழுக்க விலக்கவேண்டாம். ஒருவரும் இல்லாத சுவர் மூன்று அடியா முப்பது அடியா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? மதிலின் மேல் தூரத்தில் ஒரு ஆள் நடந்துபோகும்வரை பொறுத்திருங்கள், முகம் தெரியத் தேவையில்லை, குடை பிடித்த ஒருவரோ சைக்கிள் உருட்டுகிற ஒருவரோ போதும், சுவரின் உயரம் உடனே விளங்கிவிடும். ஆனால் மதிலில் பின்னேரம் வந்து இருக்கிற சோடிகளை எடுக்காதீர்கள், பின்புறமாகக்கூட வேண்டாம். இது சின்ன ஊர், ஒரு முதுகையும் ஒரு சேலைக் கரையையும் வைத்து ஆளை அடையாளம் பிடித்துவிடுவார்கள், அதனால் ஒரு வீட்டில் நடந்த பிரச்சினையை நான் கிட்ட இருந்து பார்த்தவன். வலை வீசுகிற ஆக்களிடம் கேட்டு எடுங்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள், தங்கள் பாட்டில் வேலையைச் செய்துகொண்டே நிற்பார்கள்.

ட்ரோன் யோசனையை விட்டுவிடுங்கள். இலங்கையில் அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிற இடம், இரண்டு பக்கமும் கேட்காமல் பறக்கவிட்டால் கமராவோடு சேர்ந்து நிம்மதியும் போகும். ட்ரைபொட் கொண்டுபோவதானாலும் ரிக்கெற் எடுக்கிற இடத்தில் முதலே ஒரு வார்த்தை கேளுங்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் அப்படியே கேட்டு வையுங்கள், நல்ல வெளிச்சம் வருகிற நேரத்தில் வெளியே போகச் சொன்னால் மனம் விட்டுப்போகும்.

கொக்குவில்மழை எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒன்றரை வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள், செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன்.

வேலையில் அரை நாள் லீவு போட்டு வியாழக்கிழமை 4 மணிக்குப் போனேன். பண்ணைக்காற்று அண்ணா சொன்னபடி முதல் ஒரு மணித்தியாலம் கமராவைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை, சும்மா சுற்றி நடந்தேன். ஐந்து சுவரில் ஒன்றில் மட்டும் வெயில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டு இருந்தது. முதல் போன அந்தச் சனிக்கிழமை அதே சுவருக்கு முன்னால் நின்றுதான் பத்துப் படம் எடுத்திருந்தேன், இது அந்தச் சுவர்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது, சில கல்லில் சிப்பி ஓடுகூடப் பதிந்திருக்கிறது. கொத்தளத்தின் கழுத்தில் நின்று 55இல் ஒன்று எடுத்தேன், வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு ஐயா தூரத்து மூலையில் நடந்து வரும்வரை இருபது நிமிடம் பொறுத்திருந்தேன், அவர் வந்த நேரம் வெயிலும் சரியாக இறங்கி இருந்தது. மொத்தம் 40 படம்கூட எடுக்கவில்லை.

மூன்றைத் தெரிந்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் இரவு அவரே போன் எடுத்தார். நீளச் சுவர் படத்தைப் பற்றிச் சொல்லுவார் என்று இருந்தேன், அவர் நான் ஒரு குறைப்படமாக நினைத்து அனுப்பிய கல்லின் கிட்டப் படத்தைப் பற்றியே கதைத்தார். "உந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு, ஆற்ற விரல் ஆழமாய்ப் போகுது எண்டு பந்தயம் பிடிக்கிறனாங்கள்" என்றார். தானும் என் அப்பாவும் இன்னும் இரண்டு பொடியன்களுமாம். அப்பா இதை ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை, அப்பா இப்போது இல்லை.

பிறகு ரீச்சர் சொன்னபடி கேட்டேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் 1974 அளவில் எடுத்தது தன்னிடம் இருக்கிறதாம், அதில் அப்பாவும் நிற்கிறாராம், மகளிடம் கொடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தவுடன் அந்த இடத்தைத் தேடப்போகிறேன். தேவாலயமே இல்லாத இடத்தில் அவர்கள் நின்ற புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மற்றது, இந்தப் பழைய கமரா 18 மெகாபிக்சல்தான், பெரியப்பா 36 அங்குல அகலத்தில் அடிக்கவேண்டும் என்கிறார், தாங்குமா?

இருட்டறை எழுதியது:

தாராளமாகத் தாங்கும். 18 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 5184 புள்ளி, 36 அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு 144 வரும். கையில் வைத்துப் பார்க்கிற புத்தகத்துக்கு அது காணாது, ஹோல் சுவரில் ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்குப் போதும். மினுங்குகிற தாளில் அடிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், ஜன்னல் வெளிச்சம் விழுந்து கல்லின் ஓட்டையெல்லாம் மறையும், மினுக்கமில்லாத தாள்தான் இதற்கு.

இடத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பழைய படத்தில் தேவாலயத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். மதிலின் விளிம்பு, கொத்தளத்துக்கு ஏறுகிற சரிவு, ஏதாவது வளைவு, இப்படி இன்றைக்கும் இருக்கிற இரண்டு பொருள் கிடைத்தால் போதும், ஒன்று கிட்டவும் மற்றது எட்டவும் இருக்கவேண்டும். பழைய படத்தில் கிட்ட உள்ளது எட்ட உள்ளதை எந்த இடத்தில் மறைக்கிறதோ, அதேபோல மறைக்கும்வரை வலமும் இடமும் நகர்ந்து பாருங்கள், ஒரு நேர்கோடு கிடைக்கும். இன்னொரு சோடியை வைத்து அதையே செய்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில்தான் அன்றைக்குக் கமரா நின்றது. அதற்குப் பிறகுதான் லென்ஸை உருட்டி அளவைச் சரிப்படுத்தவேண்டும், முதலே உருட்டினால் குழம்பிப்போவீர்கள். அப்பாவும் மற்றவர்களும் நின்றது அதற்கு முன்னால்தான் இருக்கும்.

ஸ்கேன் பண்ணுகிறவரிடம் 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, செய்யச் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டொக்யுமென்ட்டாக அனுப்பவேண்டும். உங்கள் சுவர்ப் படத்தையும் அப்படியே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலையில்லை, படம் அதற்குள் வந்தால் சொல்லுங்கள், 4 மணிக்கு வாசலில் நிற்பேன், அளவுநாடா என்னிடம் இருக்கிறது.

பழைய ரீச்சர் எழுதியது:

நானும் வருகிறேன் பிள்ளை. தேவாலயத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று நின்று காட்டுவேன். ஏறி இறங்கக் கொஞ்சம் கை பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.